குரலும் சொல்லும்: வாணி ஜெயராமின் பின்னணிப் பாடல்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

திரையிசை குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றைப் பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்பு, பாராட்டுரை என்னும் இரு வகைக்குள் அடக்கிவிடலாம். பாடலாசிரியர்களின் வரிகள் கவிதைகளாகக் கொள்ளப்பட்டு ஆய்வேடுகள் பல எழுந்துள்ளன. கண்ணதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஆகியோரின் பாடல்கள் பாடத்திட்டங்களிலும் இடம்பெற்றுள்ளன. ஆயின் அவ்வரிகளை மக்களின் செவியில் நிலைநிறுத்திய குரல் தனித்த ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. அச்சில் உள்ள வரியே பனுவல், பாடப்பட்ட வரி அதன் நிழல் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம்.

தமிழ் மரபு இவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் அமைதியையும் தனித்தனியே வரையறுக்கிறது. இயற்றுவோனுக்கு ஓர் இலக்கணம் உண்டெனில் இசைப்போனுக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பது இளங்கோவடிகள் காட்டும் நெறியாகும். அந்நெறியைப் பின்பற்றி, வாணி ஜெயராமின் (1945–2023) பின்னணிப் பாடல்களைச் சொல், ஒலிப்பு, பாத்திரம் ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவரைப் பற்றி இன்று வழங்கும் மதிப்பீடுகள் எந்த அளவிற்குப் பொருந்துகின்றன என்னும் வினாவும் இதனுள் அடங்கும்.

வாழ்வும் பயிற்சியும்

கலைவாணி என்னும் இயற்பெயர் கொண்ட வாணி ஜெயராம் 1945 நவம்பர் 30 அன்று வேலூரில் பிறந்தார். இசைப் பற்று மிக்க குடும்பம் அவருடையது. கடலூர் சீனிவாச ஐயங்கார், டி. ஆர். பாலசுப்பிரமணியன், ஆர். எஸ். மணி ஆகியோரிடம் கருநாடக இசை பயின்றார். ரங்கராமானுஜ ஐயங்காரிடம் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்றார். ரங்கராமானுஜ ஐயங்கார் வீணைக் கலைஞர். கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் ‘கிருதிமணிமாலை’ என்னும் தொகுதிகளாக வெளியிட்டவர். சொல்லும் சுரமும் பிறழாமல் எழுத்தில் பதிவுபெற வேண்டும் என்னும் கொள்கை கொண்ட ஆசிரியரிடம் பயின்றதன் பயன் மாணவியின் பிற்காலப் பாடல்களில் வெளிப்படுகிறது. எட்டு வயதிலேயே சென்னை வானொலியில் பாடிய வாணிக்கு இலங்கை வானொலி ஒலிபரப்பிய இந்தித் திரைப்பாடல்கள் இளமையிலேயே மனப்பாடமாயின.

சென்னை இராணி மேரி கல்லூரியில் படித்தபின் பாரத ஸ்டேட் வங்கியில் பணியாற்றினார். திருமணத்திற்குப் பின் மும்பையில் குடியேறி, பட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரகுமான் கானிடம் இந்துஸ்தானி இசை பயின்றார்; தும்ரி, கஸல், பஜன் ஆகிய மெல்லிசை வடிவங்களைக் கற்றார். வங்கிப் பணியைத் துறந்து இசையையே தொழிலாகக் கொண்டார். இசையமைப்பாளர் வசந்த் தேசாய் மராத்தி நாடகப் பாடலொன்றில் குமார் கந்தர்வருடன் அவரைப் பாடச் செய்தார். இருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய ‘குட்டி’ (1971) என்னும் இந்திப் படமும் வசந்த் தேசாயின் இசையிலேயே வாய்த்தது.

1973ஆம் ஆண்டு தென்னகத்து மொழிகள் அவருக்குத் திறந்தன. தமிழில் ‘வீட்டுக்கு வந்த மருமகள்’, தெலுங்கில் ‘அபிமானவந்துலு’, மலையாளத்தில் சலில் சௌத்ரியின் இசையில் ‘சொப்னம்’, கன்னடத்தில் ‘கெசரின கமல’ ஆகிய படங்களில் பாடினார். எம். எஸ். விசுவநாதன் இசையமைத்த ‘தீர்க்க சுமங்கலி’ (1974) தமிழ்நாட்டில் அவர் பெயரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. ‘அபூர்வ ராகங்கள்’ (1975), ‘சங்கராபரணம்’ (1979ஆம் ஆண்டுக்கான விருது), ‘சுவாதி கிரணம்’ (1991ஆம் ஆண்டுக்கான விருது) ஆகிய படங்களுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை மூன்று முறை பெற்றார். 2023 சனவரியில் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில், பிப்ரவரி 4 அன்று, சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள தம் இல்லத்தில் மறைந்தார்.

இருவகைக் கதையாடல்கள்

வாணி ஜெயராமைப் பற்றிய பேச்சில் இருவகைக் கதையாடல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் ஒன்று ‘வாய்ப்பு மறுக்கப்பட்டவர்’ என்பது. முதற்படத்திலேயே வடநாடு முழுவதும் அறியப்பட்ட ஒருவர் மும்பைத் திரையுலகில் நிலைபெறாமல் தெற்கே திரும்பினார் என்றும், அங்கு நிலவிய ஆதிக்கமே அதற்குக் காரணம் என்றும் இக்கதையாடல் கூறும். மற்றொன்று ‘கடினமான பாடல்களுக்குரியவர்’ என்பது. பிறரால் பாட இயலாதவற்றை அவரிடம் கொடுத்தனர் என்பது இதன் சாரம்.

முதலாவது கதையாடலில் உண்மையின் கூறு இல்லாமலில்லை. 1970களின் மும்பைத் திரையிசையில் பெண் குரலுக்கான இடம் மிகச் சிலரிடமே குவிந்திருந்தது என்பது வரலாறு. எனினும் அதனையே மையமாக்கும்போது, தெற்கில் அவர் ஆற்றிய ஐம்பதாண்டுப் பணி முழுவதும் ஓர் இழப்பின் பின்குறிப்பாகிவிடுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் பாடுவது இந்தியில் பாட முடியாமற்போனதற்கு ஈடு என்னும் கருத்து அதனுள் மறைந்து நிற்கிறது. தமிழாய்வுலகம் இத்தகைய அளவுகோலை எளிதில் ஏற்றுக்கொள்வது முறையன்று.

இந்திப் பணியும் அத்துணைச் சிறியதன்று. குல்சார் இயக்கி, பண்டிட் ரவிசங்கர் இசையமைத்த ‘மீரா’ (1979) படத்தின் பஜன்களை வாணி ஜெயராமே பாடினார். மீரா பஜன்களைத் தம் தம்பி இருதயநாத் மங்கேஷ்கரின் இசையில் முன்னரே தனி இசைத்தட்டாகப் பாடியிருந்த லதா மங்கேஷ்கர் இப்படத்தில் பாடவில்லை. இதனை ‘வேறொருவர் விட்ட இடம்’ என்று குறுக்குவது எளிது. ஆயின் சிதார் மேதை ஒருவர் இராகத் தூய்மையுடன் அமைத்த மெட்டுகளை, இடைக்கால பக்திக் கவிஞர் ஒருவரின் சொல்லுக்குப் பழுதின்றிப் பாடிய திறன் அவருடையது. அதற்குப் பிலிம்பேர் விருதும் கிடைத்தது.

இரண்டாவது கதையாடல் பாராட்டுப் போலத் தோன்றினும் அதுவும் ஒரு குறுக்கலே. கடினம் என்பது சுரக்கோவையின் கடினம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. ‘சங்கராபரணம்’ போன்ற படங்கள் இம்மதிப்பீட்டை வலுப்படுத்தின. அவருடைய தனித்தன்மை சுரத்தில் மட்டும் இல்லை. சொல்லை அவர் கையாண்ட முறையிலும் உள்ளது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

ஒலிப்பும் மொழியும்

தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய நிலைகளில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகிறது என்னும் அக்கருத்து பாடகரின் கலைக்கும் அடிப்படையாகும். பேச்சில் விரைந்து கடந்துபோகும் எழுத்தொலி பாட்டில் நீண்டு நின்று தன் குறையையும் நிறையையும் வெளிப்படுத்தும்.

பன்மொழிப் பாடகர் எதிர்கொள்ளும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் வல்லெழுத்து ஒன்றே இடத்திற்கேற்ப ஒலிமாறும். மொழிக்கு முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், மெல்லெழுத்தை அடுத்து ஒலிப்புடையதாகவும், உயிர்களுக்கிடையே நெகிழ்ந்தும் ஒலிக்கும். இம்மாற்றம் பொருளை வேறுபடுத்துவதில்லை. இந்தியிலோ ஒலிப்பின்மை, ஒலிப்பு, மூச்சொலி ஆகியவற்றின் வேறுபாட்டால் ஒவ்வோர் இடத்திற்கும் நான்கு வல்லொலிகள் உள்ளன. அவை பொருளையும் வேறுபடுத்தும். ஆகவே தமிழ்ப் பேச்சுப் பழக்கம் கொண்ட ஒருவர் இந்தி பாடும்போது மூச்சொலிகள் மழுங்குவது இயல்பு. ‘மீரா’ படப் பாடல்களில் ‘கிரிதர’ என்னும் பெயரின் மூச்சொலி கலந்த தகரம் வருமிடமெல்லாம் அது தெளிவாகவே ஒலிக்கிறது. அழுத்தம் மிகுந்து மெட்டின் ஓட்டத்தை உடைப்பதும் இல்லை. தமிழ்ப் பழக்கத்தால் வெறும் தகரமாகத் தேய்வதும் இல்லை.

இதன் மறுபக்கம் தமிழ். லகர, ளகர, ழகரங்களும் ரகர, றகரங்களும் திரைப்பாடலில் அடிக்கடி சிதைவுறுவன. பிறமொழி பேசுவோர் மட்டுமன்றித் தமிழரும் இவற்றில் தவறுவதுண்டு. வாணி ஜெயராமின் தமிழ்ப் பாடல்களில் ழகரம் மேல்தாயியிலும் தன் தன்மையை இழப்பதில்லை. மேல்தாயியில் நாவை வளைத்து நிறுத்துவது உயிரொலியின் திறப்பைக் குறைக்கும் என்பதால் பாடகர் பலர் அதை லகரமாகவோ ளகரமாகவோ தளர்த்திவிடுவர். வாணி ஜெயராமோ முந்தைய உயிரைச் சற்றே நீட்டி, ழகரத்தைக் குறுக்கமாகவும் தெளிவாகவும் தொட்டு, அடுத்த உயிருக்குச் செல்கிறார். எழுத்தும் சிதைவதில்லை, சுரமும் தடைப்படுவதில்லை. இது பயிற்சியால் மட்டும் அமைவதன்று. வரியைப் பொருளுணர்ந்து படிப்பதாலும் அமைவது.

மலையாளத்தில் இத்திறன் வேறொரு பயனைத் தந்தது. ழகரத்தையும் இருவகை ரகரங்களையும் இன்றும் பேச்சில் பேணிவரும் மொழி அது. சலில் சௌத்ரி போன்ற வங்க இசையமைப்பாளரின் மெட்டில், ஓ. என். வி. குறுப்பு போன்ற கவிஞரின் வரிகளைத் தமிழ்ப் பாடகி ஒருவர் பாட, அதை மலையாளிகள் தம் குரலாகவே ஏற்றனர் என்பது இந்தியப் பின்னணிப் பாடல் மரபின் இயல்பைக் காட்டுவதாகும். அவ்வேற்பு நெடுங்காலம் நீடித்தது. ‘1983’ (2014) என்னும் படத்தில் பி. ஜெயச்சந்திரனுடனும், ‘ஆக்‌ஷன் ஹீரோ பிஜு’ (2016) என்னும் படத்தில் கே. ஜே. யேசுதாசுடனும் அவர் பாடிய பாடல்கள் புதிய தலைமுறையினரிடம் பரவின. அறுபத்தெட்டு வயதிலும் அதற்குப் பின்னும் பாடப்பட்ட அவற்றில் குரலின் ஒளி சற்றே குறைந்திருப்பினும் எழுத்தொலியின் தெளிவு குறையவில்லை.

குரலும் பாத்திரமும்

பின்னணிப் பாடல் என்பது உடலிலிருந்து பிரிக்கப்பட்ட குரல். 1935இல் கல்கத்தாவில் இம்முறை தொடங்கியபின், நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பது இந்தியத் திரையின் விதியாயிற்று. பாடகர் தம் குரலை மற்றோர் உடலுக்கு அளிக்கும்போது பாத்திரத்தின் வயது, நிலை, மனம் ஆகியவற்றைக் குரலிலேயே உணர்த்த வேண்டியவராகிறார்.

‘குட்டி’ படத்தில் பாடுபவள் பள்ளி மாணவி. மியான் கி மல்கார் என்னும் கனமான மழைக்கால இராகத்தில் அமைந்த பாடலை அவள் பாடுகிறாள். மேடைக் கலைஞரின் முதிர்ச்சி ஒலித்தால் பாத்திரம் பொய்த்துவிடும். முதிர்ச்சியின்றி ஒலித்தால் இராகம் பொய்த்துவிடும். இவ்விரண்டிற்கும் இடையே குரலைக் கனமின்றி நிறுத்தி, கமகங்களைச் செறிவாகவும் சுருக்கமாகவும் பாடியமையே அப்பாடலின் வெற்றி. அதே படத்தில் அவர் பாடிய பள்ளி வழிபாட்டுப் பாடல் திரைக்கதையை விட்டு வெளியேறி, வடஇந்தியப் பள்ளிகள் பலவற்றில் காலை வழிபாடாகவே பாடப்பட்டது. பாடகியின் பெயர் அறியாத மாணவர்களும் அப்பாடலை அறிவர்.

‘அபூர்வ ராகங்கள்’ படத்தின் பைரவி இசைக்கலைஞர். ஆகவே பாத்திரமே பாடகியாக இருக்கிறது. கண்ணதாசன் எழுதிய இறுதிப் பாடலில் மேடையில் பாடும் தாய்க்கு வாணி ஜெயராமும் அவையிலிருந்து வந்து இணையும் மகளுக்கு பி. எஸ். சசிரேகாவும் குரல் தந்துள்ளனர். அவையினருக்கு அது கச்சேரிப் பாடல். கதைமாந்தருக்கோ அது சிக்கலின் வினாவும் விடையும். ஒரே வரி இருவேறு கேட்போருக்கு இருவேறு பொருள் தரவேண்டிய இடம் அது. உணர்ச்சி மிகுந்தால் கச்சேரி கலையும். குறைந்தால் நாடகம் கலையும். வாணி ஜெயராம் சொற்களை அழுகுரலால் நிறைக்காமல், சொற்களுக்கிடையே உள்ள நிறுத்தங்களில் தயக்கத்தைப் புலப்படுத்துகிறார். எம். எஸ். விசுவநாதன் இசையமைத்த ‘நூல்வேலி’ (1979) படத்தில், பாடுவது தானா எனப் பாத்திரம் தன்னையே வினவும் பாடலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பின்னணிப் பாடகியின் நிலையையே அது தற்செயலாகப் பேசிவிடுகிறது.

கே. விசுவநாத் இயக்கிய ‘சுவாதி கிரணம்’ படத்தில் அவருடைய குரல் கங்காதரம் என்னும் சிறுவனுக்கு உரியது. புகழ்பெற்ற இசையாசான் ஒருவர் தம் மாணவனின் மேதைமையைக் கண்டு பொறாமை கொள்வதும், அதனை உணர்ந்த சிறுவன் தன்னுயிரைத் துறப்பதும் கதை. படத்தின் அறச்சிக்கல் முழுவதும் சிறுவனின் பாட்டு ஆசானின் பாட்டை விஞ்சுகிறது என்னும் ஒன்றில் நிற்கிறது. வசனத்தால் அதனை நிறுவ இயலாது; கேட்போர் செவியால் அதனை நம்பவேண்டும். ஏறத்தாழ நாற்பத்தைந்து வயதில், கே. வி. மகாதேவனின் மெட்டுகளை முதிர்ந்த பெண்மைச் சாயல் இன்றியும், செயற்கையான மழலை இன்றியும் பாடி அந்நம்பிக்கையை உண்டாக்கினார். குரல் இங்குக் கதைக்கு அணியாக நிற்கவில்லை. கதையைத் தாங்கும் தூணாக நிற்கிறது.

வழக்குச் சொல்லும் செவ்விசைக் குரலும்

செவ்விசைப் பாடகி என்னும் மதிப்பீட்டிற்கு மறுப்பாக அமைவது மகேந்திரன் இயக்கி, இளையராஜா இசையமைத்த ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் அவர் பாடிய உணவுப் பாடல். நெல்லுச்சோற்றிலும் குழம்பிலும் விருப்பம் மிக்க மங்கா என்னும் பாத்திரத்தின் பாடல் அது. சொற்கள் பேச்சு வழக்கின. பொருள் நாவின் சுவை. நாட்டுப்புறப் பாத்திரத்திற்குப் பாடும்போது குரலைக் கரகரப்பாக்குவதும் மூக்கொலியைக் கூட்டுவதும் திரையில் வழக்கமாகிவிட்ட உத்திகள். வாணி ஜெயராம் அவற்றை நாடவில்லை. இலக்கியச் சொல்லுக்குத் தரும் அதே கவனத்தை வழக்குச் சொல்லுக்கும் தந்தார். கொச்சை எனக் கருதப்படும் திரிபுகளை அவற்றின் சொந்த ஒலியிலேயே முழுமையாக ஒலித்தார். சிற்றூர்ப் பெண்ணைப் பகடி செய்யாத குரல் அது. பேச்சு வழக்கும் ஒழுங்குடைய மொழியே என மொழியியலார் கூறுவதை அப்பாடல் செவிவழி மெய்ப்பிக்கிறது.

மற்றொரு முனையில் ‘பாலைவனச் சோலை’ (1981) படத்திற்காகச் சங்கர்–கணேஷ் இசையில், வைரமுத்து எழுதிய பாடல் நிற்கிறது. கஸல் சாயல் கொண்ட அப்பாடலில் மும்பையில் பெற்ற இந்துஸ்தானி மெல்லிசைப் பயிற்சி தமிழ்ச் சொல்லுக்குப் பயன்படுகிறது. வரியின் இறுதிச் சொல்லை உடனே முடிக்காமல், சுரத்தை மெல்ல இறக்கி அதன் பொருளை நீளச்செய்யும் முறை கஸல் மரபுக்குரியது. அதனைத் தமிழ் அசையமைப்பு சிதையாமல் செய்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

எல்லைகள்

இத்துணைத் திறன் இருந்தும் அவருடைய கலைக்கு எல்லைகள் இல்லை எனக் கூறுவது திறனாய்வாகாது. எழுத்தொலியின் தூய்மையை எந்நிலையிலும் கைவிடாத குரல் சிலபோது பாத்திரத்தின் குலைவைக் காட்டத் தவறுகிறது. அழுகை, வெறி, போதை போன்ற நிலைகளில் சொல் உடைய வேண்டும்; அவர் பாட்டில் சொல் உடைவதில்லை. தமிழ்த் திரையில் இவ்வுடைவையும் சிரிப்பையும் மழலையையும் குரலில் நிகழ்த்திக்காட்டியவர் எஸ். ஜானகி. 1980களில் இளையராஜாவின் பெண்குரல் பாடல்களில் பெரும்பகுதி ஜானகியிடம் சென்றதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். திரைப்பாடல் நாடகத்தன்மையை மிகுதியாக வேண்டிய காலத்தில், சொல்லின் தெளிவை முதன்மையாகக் கொண்ட குரலுக்கு இடம் சுருங்கிற்று. எனவே அவருக்குப் பாடல்கள் குறைந்தமையைச் சூழ்ச்சியால் மட்டும் விளக்காமல், காலத்தின் சுவைமாற்றத்தாலும் விளக்குவது பொருந்தும்.

மரபும் பொறுப்பும்

வாணி ஜெயராம் பத்தொன்பது மொழிகளில் பத்தாயிரம் அளவிலான பாடல்களைப் பாடினார் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. தமிழ்நாடு, ஆந்திரம், குஜராத், ஒடிசா ஆகிய மாநில அரசுகளின் விருதுகள் அப்பரப்பிற்குச் சான்று. ஆயின் எண்ணிக்கை வியப்பைத் தருமேயன்றி ஆய்வைத் தராது. எப்பாடல், எவ்வாண்டு, யாருடைய வரி, எம்மெட்டு என்னும் முறையான அடைவு இருந்தால்தான் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. இசைத்தட்டுகளின் உறைகளிலும் பாட்டுப் புத்தகங்களிலும் வானொலி நிலையக் குறிப்புகளிலும் சிதறிக்கிடக்கும் செய்திகள் ஒவ்வோராண்டும் அழிந்துவருகின்றன. ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கு இரையாவதைக் கண்டு உ. வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்ற வரலாற்றைப் போற்றும் தமிழாய்வுலகம், தன் காலத்து ஒலிச்சுவடிகள் அழிவதைப் பொருட்படுத்தாதிருத்தல் முரண்.

தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளுக்கு இப்பணியில் தனிப்பங்கு உண்டு. ஒரே பாடகியின் மராத்தி, குஜராத்தி, ஒடியா, கன்னடப் பாடல்களை அம்மொழிகளின் ஒலிப்பறிந்து மதிப்பிட, அம்மொழிச் சூழலில் வாழும் தமிழறிஞரே தகுதியுடையோர். ஒப்பிலக்கியம் இருமொழிக் கவிஞரை ஒப்பிடுவதுபோல, ஒரு குரல் பலமொழிகளில் கொள்ளும் வேறுபாட்டை ஒப்பிடுவதும் ஆய்வுக்குரியதே.

முடிவுரை

வாணி ஜெயராமின் பாடல்களை ஆராயுமிடத்துச் சில முடிபுகள் பெறப்படுகின்றன. வாய்ப்பு மறுக்கப்பட்டவர் என்னும் இரங்கலும் கடினப் பாடல்களுக்குரியவர் என்னும் பாராட்டும் அவரை முழுமையாக விளக்கவில்லை. அவருடைய கலையின் நடுவண் அமைந்தது எழுத்தொலியின் தெளிவு. அது கீர்த்தனைப் பயிற்சியிலும் இந்துஸ்தானி மெல்லிசைப் பயிற்சியிலும் பன்மொழி ஒலிப்பறிவிலும் வேரூன்றியது. அத்தெளிவே பள்ளிச் சிறுமி, மேடைப் பாடகி, பக்தை, சிறுவன், சிற்றூர்ப் பெண் எனப் பல்வேறு பாத்திரங்களை நம்பச்செய்தது; சில நிலைகளில் அதுவே அவருக்கு எல்லையாகவும் நின்றது.

பாடப்பட்ட சொல்லும் பனுவலே என ஏற்கும்போது, அதனைப் பாடியவர் பனுவலின் ஆக்கத்தில் பங்குடையவராகிறார். அவ்வாறு ஏற்காதவரை, திரைப்பாடல் இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பாதிச் சான்றை மட்டும் கொண்டு எழுதப்பட்டவையாகவே இருக்கும். வேலூரில் பிறந்து, மும்பையில் அறியப்பட்டு, சென்னையில் மறைந்த அப்பாடகியின் குரலை அவர் மறைவுக்குப் பின்னும் எண்ணிக்கையால் மட்டும் நினைவுகூர்வது போதாது. ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் பயில்வதே அக்குரலுக்குச் செய்யும் முறையான சிறப்பாகும்.